கட்டுச்சாதமும் காவேரியும்

ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகையும் ஒரே நாளில் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு விநோத வியாதி தலைகாட்டும். அதற்கு 'எங்கேயாவது போகவேண்டும்' என்று பெயர். முதலில் அது குழந்தைகளைப் பற்றும். பிறகு அவர்களுடைய தாயாரை. கடைசியில் என் சட்டைப் பையைப் பற்றும்.

2025-ஆம் வருஷம் ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மகளுக்கு வயது பதினான்கு, மகனுக்குப் பதினொன்று. சென்னைப் பக்கத்தில், கட்டணம் வாங்கிக்கொண்டு செயற்கை அலையில் குளிக்க விடுகிறார்களே, அந்த இடத்துக்குப் போகவேண்டும் என்று இருவரும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தார்கள். எங்கள் ஊரோ திருவையாற்றுக்குச் சமீபம். வாசலை விட்டு இறங்கி நூறு அடி நடந்தால் காவேரி. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சரித்திரமும் பூகோளமும் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு இதைக் கேட்டால் எப்படியிருக்கும்? "ஆறு நம் வாசலில் ஓடும்போது அலையை விலைக்கு வாங்குவதா? கல்லணைக்குப் போவோம்!" என்றேன். என் தாயார், "நல்லதாப் போச்சு. சித்திரான்னம் பண்ணி எடுத்துக்கலாம்" என்று அதை ஆமோதித்தாள்.

விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டியாயிற்று. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்ச்சாதம் என்று ஐந்து அடுக்கில் பிரயாணச் சாப்பாடு தயாராயிற்று. திருக்காட்டுப்பள்ளி வழியாகப் போகும் சாலையில் வண்டி ஓடியது. இரு பக்கமும் வாழையும் கரும்பும். வாய்க்கால் மதகுகளில் நுரை பொங்கும் புது வெள்ளம். வழியெல்லாம் சிறுவர்கள் சப்பரத்தட்டி இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மேட்டூர் அணை அந்த வருஷம் வழக்கப்படி ஜூன் 12-ஆந் தேதியே திறந்துவிட்டதால் சாலையிலே சந்தித்த முகங்களிலெல்லாம் ஒரு தெளிவு இருந்தது. முந்திய வருஷம், 2024-ல், அந்தத் தேதி தவறிப் போய், ஜூலை 28-ல்தான் தண்ணீர் விட்டார்கள். அந்த ஆறு வாரம் எங்கள் ஊரில் ஒருவரும் சத்தம்போட்டுச் சிரிக்கவில்லை.

கல்லணையில் திருவிழாக் கூட்டம். யானைமேல் கரிகாலன் அமர்ந்திருக்கும் சிலையைக் குழந்தைகள் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு பாலத்தின்மேல் நடந்தோம். மகன் கேட்டான்: "அப்பா, சிமெண்டு இல்லாமல் கரிகாலன் எப்படிக் கட்டினான்?"

உபாத்தியாயருக்கு இதைவிட வேறு பாக்கியம் என்ன வேண்டும்? விளக்க ஆரம்பித்துவிட்டேன். முக்கொம்பில் பிரியும் காவேரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தைச் சுற்றி வந்து இங்கே மறுபடியும் நெருங்குகின்றன. கொள்ளிடம் பள்ளம், காவேரி மேடு. தடுப்பு ஒன்று இல்லாவிட்டால் வயலுக்குப் போகவேண்டிய நீர் பள்ளத்தில் பாய்ந்து கடலுக்குப் போய்விடும். ஆற்று மணலுக்கு அடியில் பாறை கிடையாது. ஆகவே பெரும் பெரும் கற்களைப் போட்டார்கள். அவை மணலில் புதைந்தன. புதைந்த கல்லின்மேல் வேறு கல், இடையிலே களிமண். புதைய இனி இடமில்லை என்று ஆனபோது அதுவே அஸ்திவாரமாயிற்று. இப்படி எழுந்த அணையின் நீளம் 1,080 அடி. கரிகாலன் கட்டியது என்பது வழிவழியாக வரும் செய்தி. 1830-க்குப் பிறகு இங்கே வேலை பார்த்த ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலேய எஞ்சினீயர், ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த அணையிலிருந்தே கற்றதாக ஒப்புக்கொண்டார். அந்தப் பாடத்தைக் கொண்டு அவர் பின்னர் கோதாவரியிலும் அணை கட்டினார்.

"அன்னிய ராஜ்யத்தின் எஞ்சினீயர் நம் முன்னோரிடம் மாணாக்கனாக உட்கார்ந்தார், தெரிந்ததா?" என்று சொல்லி, காவேரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் நான்கையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். புது ஆறு மாத்திரம் 1934-ல் திறந்த கால்வாய் என்றும் சொன்னேன். சுற்றி நின்ற நாலைந்து பேரும் கேட்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. மரத்தடியில் இலை போட்டுச் சாப்பிட்டோம். செயற்கை அலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வெற்றி எனக்கே என்று எண்ணிக்கொண்டேன்.

சாயங்காலம் ஊர் திரும்பினோம். நம் ஊர்ப் படித்துறையில்தான் விளக்கு விடவேண்டும் என்பது தாயாரின் ஆசை. பெண்கள் கூடியிருந்தார்கள். மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வதும், காதோலை கருகமணியை நீரில் விடுவதும், முளைப்பாரி கரைப்பதுமாக ஒரே கோலாகலம். மகன் வாழைமட்டையில் ஏற்றிய அகலை ஏந்திக்கொண்டு கடைசிப் படிக்கு இறங்கினான்.

பாசி. ஒரே ஒரு நொடி. விளக்கு மிதந்தது; பையனைக் காணோம்.

நான் மேற்படியில் நின்றேன். ஐயா, நின்றேன் என்றுதான் எழுதவேண்டும். கால் எழும்பவில்லை, வாயில் குரல் வரவில்லை. அதற்குள் பக்கத்திலே குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தை, என் மகன் வயதுதான் இருக்கும், மீன் குஞ்சு போல் புரண்டு போய் அவன் சட்டைக் காலரைப் பற்றிப் படிப்பக்கம் இழுத்தாள். இரண்டு ஸ்திரீகள் தூக்கிவிட்டார்கள். நாலு வாய்த் தண்ணீர் குடித்திருந்தான், வேறு ஆபத்தில்லை. அந்தப் பெண் கூந்தலைப் பிழிந்துகொண்டே அவனைப் பார்த்து, "உனக்கு இந்த ஊர்தானே? நீச்சல் தெரியாதா?" என்று கேட்டாள். பரிகாசமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவன் நான். சிறு வயதில் நான் நன்றாக நீந்துவேன். ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழன் ஒருவன், ஆற்றில் மணல் எடுத்த பள்ளம் இருப்பது தெரியாமல் இறங்கி, திரும்பி வரவேயில்லை. அன்று கரையேறிய நான் அப்புறம் முழங்காலுக்கு மேல் ஆற்றில் இறங்கியதில்லை. என் குழந்தைகளையும் இறங்க விட்டதில்லை. அதை ஜாக்கிரதை என்று நினைத்திருந்தேன்.

அன்றிரவு தாயார் மெதுவாகச் சொன்னாள்: "நான் உன் மகள் வயசிலே அக்கரைக்கு நீந்திப் போய் நாவல்பழம் பொறுக்கிக்கொண்டு வருவேன். ஆத்தங்கரையிலே குடியிருந்துகொண்டு பிள்ளைகளை ஆத்துக்குப் பயந்தவர்களாக வளர்த்தால், ஆறு என்னடா செய்யும்?"

கரிகாலனையும் காட்டனையும் மணிக்கணக்கில் பேசிய எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. ஆற்றைப் பற்றிய பாடம் சொன்னேனே தவிர, ஆற்றைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படிப் பார்த்தால் செயற்கை அலையில் குளிக்க ஆசைப்பட்ட குழந்தைகள்மேல் என்ன குற்றம்? முழங்கால் ஆழமாவது அவர்களுக்கு அங்கே கிடைத்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்தோம். காவேரியில் அல்ல, பெருக்குக் காலத்து ஆறு பழகுவதற்கு உரிய இடமல்ல. எங்கள் ஊர்க் குளத்தில், தரை தெரிந்த மூலையில், இடுப்பளவு நீரில். முதுகில் கட்ட முன்காலத்துச் சுரைக்குடுக்கை கிடைக்கவில்லை. வாய் இறுக மூடிய காலிப் பிளாஸ்டிக் டப்பா அந்த உத்தியோகத்தைப் பார்த்தது. முப்பது வருஷத்துக்குப் பிறகு நானும் கழுத்து வரை இறங்கினேன். முதல் நாள் குழந்தைகளைவிட எனக்குத்தான் அதிகம் நடுங்கிற்று. தாயார் கரையில் உட்கார்ந்து, "கையை மடக்காதே, காலை அடி" என்று மூன்று பேருக்கும் சேர்த்து உபதேசம் செய்தாள்.

தண்ணீர் நிறைந்த நாட்டில் குடியிருப்பவர்களுக்கு உல்லாசப் பிரயாணத்துக்கு இடமா பஞ்சம்? முக்கொம்பில் நதி பிரிவதைப் பார்க்கலாம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகேறலாம். கோடிக்கரையில் வெளிமானும் பூநாரையும் காணலாம். அவசியம் போய் வாருங்கள், கட்டுச்சாதத்தை மறக்காதீர்கள். ஆனால் புறப்படுமுன், உங்கள் குழந்தைக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் முதல் பிரயாணம் உங்கள் ஊர்க் குளத்துக்காக இருக்கட்டும். புதுத் துறையில் இறங்குமுன் பள்ளம் எங்கே, சுழல் எங்கே என்று உள்ளூர்க்காரரைக் கேளுங்கள். குழந்தை தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவராவது கைக்கு எட்டும் தூரத்தில் இருங்கள். என்னைப்போல் மேற்படியில் நிற்காதீர்கள்.

தை பிறந்தபோது மகள் குளத்தைக் குறுக்கே கடந்தாள். இரண்டு வாரம் கழித்து மகனும் கடந்தான். கரையேறியதும் அவன் முதலில் கேட்டது, தன்னை இழுத்துப் போட்ட அந்தப் பெண் எந்தத் தெரு என்றுதான். மறுநாள் தாயார் பண்ணிய சர்க்கரைப் பொங்கலை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு, அவனும் நானும் அந்தத் தெருவுக்குப் போனோம்.