பதினெட்டு வளைவில் கொதித்த ஜீப்

மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து கண்டிக்குப் போகிறவர்களுக்கு நன்கு பழக்கமான பாதை ஒன்று உண்டு. செங்கலடிச் சந்தியில் மேற்கே திரும்பினால் முதலில் வயல்வெளி, பிறகு காடு. அதன் பின் மகாஓயா, பதியத்தலாவை, மஹியங்கனை என்று ஊர்கள் வரும். மகாவலி கங்கைப் பாலத்தைக் கடந்து ஹஸலக்கையை அடையும் வரை சொல்லத்தக்க பெரிய ஏற்றம் எதுவுமில்லை. அங்கிருந்துதான் மலை சுவர் போல எதிரே எழுந்து நிற்கிறது. அதில் வளைந்து வளைந்து உடுதும்பறைக்கு ஏறும் பாதையே பதினெட்டு வளைவு. பிற்காலத்தில் பாதையை அகலமாக்கித் திருத்தினார்கள். ஆனாலும் மக்கள் வாயில் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது.

மேலே நின்று திரும்பிப் பார்ப்பவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். கீழே மினிப்பேப் பக்கத்து வயல்கள் பச்சைப் பாய் விரித்தாற்போல் கிடக்கும். நடுவே மகாவலி வெள்ளிக் கம்பியாக மின்னும். ஆனால் பழைய வாகனத்தில் வருகிறவர்களின் கண் அந்த அழகில் இருக்காது, வெப்பமானியின் முள்ளில்தான் இருக்கும்.

எங்கள் பகுதியில் நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் எந்த வாகனத்தையும் ஜீப் என்றே அழைப்போம். உண்மையில் அவற்றுள் பல 1948ஆம் ஆண்டு அறிமுகமான லேண்ட் ரோவர் வம்சத்தைச் சேர்ந்தவை. தேயிலைத் தோட்டங்களிலும் வயற்கரைகளிலும் உழைத்துக் களைத்தவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. என் மச்சானிடமும் அப்படி ஒரு கிழட்டு ஜீப் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றும், விடுமுறையில் குடும்பத்தை ஏற்றும்.

ஒரு விடுமுறையில் மாமி, பிள்ளைகள் எல்லோருமாக அதில் கண்டிக்குப் புறப்பட்டோம். மகாஓயா வெந்நீர்க் கிணறுகளில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கை வைத்து, எது அதிகச் சூடு என்று போட்டி போட்டார்கள். மஹியங்கனை வரை வண்டி ஒரு முணுமுணுப்பும் காட்டவில்லை. மலையில் ஐந்தாறு வளைவுகள் ஏறியதும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. போனட்டின் இடுக்கால் ஆவி கிளம்பியது. மச்சான் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, என்ஜினை அணைத்தார்.

அடுத்த நிமிடமே கையில் ஒரு துணியுடன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். அவருடைய சின்ன மகன் வேடிக்கை பார்க்கப் பக்கத்திலேயே வந்து நின்றான். அப்போது என் மனைவி பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே சொன்னாள்:

"காக்கா, விசில் அடங்காம குக்கர நாங்க திறப்பமா? கொஞ்சம் பொறுங்க."

மச்சானின் கை அப்படியே நின்றுவிட்டது.

வாசக சகோதரிகளே, ரேடியேட்டரும் குக்கரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். மேலே ஏற ஏற இந்தக் கொதிநிலை குறையும். நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால்தான் அங்கே பருப்பு அவியச் சுணங்குகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். ரேடியேட்டர் மூடி வில்லின் பலத்தால் அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே உள்ளே 100 பாகையைத் தாண்டிய தண்ணீர் கொதிக்காமல் இருக்கலாம். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய்விடும். தண்ணீர் ஒரேயடியாக ஆவியாகிப் பீறிட்டு முகத்திலும் மார்பிலும் அடிக்கும். துணி அதைத் தடுக்காது.

முக்கால் மணி நேரம் நிழலில் காத்திருந்தோம். பிறகு தடித்த ஈரச் சாக்கை மூடியின் மேல் போட்டு, முதல் பூட்டு வரை மட்டும் திருப்பி, மிச்ச ஆவி போனபின் முழுவதும் திறந்தார். காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. ரேடியேட்டரின் முகத்தில் வைக்கோல் தூசும் பூச்சிகளும் அப்பிக் கிடந்தன. விசிறியைச் சுழற்றும் பெல்ட்டும் தளர்ந்திருந்தது. சமதரையில் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே என்ஜினைக் குளிர வைக்கும். மலையிலோ வண்டி மெதுவாக ஊர்கிறது, பாரமோ அதிகம். அங்கே விசிறியைத்தான் நம்ப வேண்டும். பெல்ட் வழுக்கினால் விசிறி மட்டுமல்ல, தண்ணீரைச் சுற்றவிடும் பம்பும் சோர்ந்துவிடும்.

பெல்ட்டை இறுக்கி, தூசியைப் பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் நிரப்பினார் மச்சான். சூடான இரும்பில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் வெடிப்பு விழும். அதன் பின் சிறிய கியரிலேயே ஏறினோம். அப்போது என்ஜின் திணறாது, விசிறியும் வேகமாகச் சுழலும். உடுதும்பறையில் இறங்கிப் பிளேன்டீ குடித்தபோது முள் நடுவில் நின்றது.

எப்போது சூடாகிறது என்பதைக் கவனித்தாலே நோய் பாதி தெரிந்துவிடும். ஏற்றத்திலும் நெரிசலிலும் மட்டும் சூடேறினால் விசிறியையும் பெல்ட்டையும் பாருங்கள். நேரான பாதையில் வேகமாகப் போகும்போது சூடேறினால் ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைத்திருக்கலாம். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் காரைதான் அங்கும் படிகிறது. ஆகவே உவர்க் கிணற்று நீரை ஊற்றாதீர்கள். புறப்பட்ட சிறிது நேரத்திலேயே சூடேறினால் தண்ணீர் குறைந்திருக்கலாம், அல்லது தேர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம். அதைக் கழற்றி, சமையலுக்கு ஆகாத பழைய பாத்திரத்தில் நூலில் தொங்கவிட்டுத் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கொதித்த பின்னும் திறக்காவிட்டால் மாற்றத்தான் வேண்டும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவது நல்ல வைத்தியமல்ல.

வெளியே ஒழுக்கு எதுவும் இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போனால், ஒயில் பால் கலந்ததுபோல் வெளுத்தால், சைலன்சரில் வெண்புகை விடாமல் வந்தால், என்ஜின் தலைக்குக் கீழுள்ள கேஸ்கட் போயிருக்கக்கூடும். அந்த வண்டியை மேலும் ஓட்டாமல் கராஜுக்கு இழுத்துச் செல்வதே சிக்கனம். வெப்ப முள்ளும் எரிபொருள் முள்ளும் ஒன்றாகவே உயர்ந்து நின்றாலோ, சில பழைய வண்டிகளில் கோளாறு மின்சாரச் சீராக்கியில்தான் இருக்கும், என்ஜினில் அல்ல.

ரேடியேட்டரில் ஊற்றும் நிறத் திரவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பெரும்பாலும் எதிலீன் கிளைகோல் இருக்கிறது. இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. குடிபானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். நிலத்தில் சிந்தினால் கழுவிவிடுங்கள். பூனையும் நக்கும், பிள்ளையும் தொடும்.

பயணத்துக்குச் சோற்றுப் பார்சல் கட்டும்போது இரண்டு கேன் நல்ல தண்ணீர், ஒரு சாக்கு, மேலதிகமாக ஒரு பெல்ட் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். வழியில் வண்டி கொதித்தால் பிள்ளைகளைப் பாதைக்கு அப்பால், போனட்டிலிருந்து தூரமாக அழைத்துச் சென்று உட்கார வையுங்கள். ஆண்கள் அவசரப்பட்டால் 'பொறுங்கள்' என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். கண்டிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்வதில் குறையொன்றும் இல்லை.