இராக்கொக்கு

அப்பா இறந்தபின் அம்மா ஆலயத்துக்குக்கூட வரவில்லை. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தங்கையும் நானும் இரவு வேலை முடிந்த கையோடு அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ரொமி தொம்சன் பூங்காவுக்குப் போனோம்.

லெஸ்லி வீதியின் தெற்கு முனையில் இருக்கிறது அது. துறைமுகத்துக்கு அணை கட்டவென்று 1950களின் இறுதியில் கல்லும் மண்ணும் கொட்டத் தொடங்கினார்கள். பிறகு நகரத்தின் கட்டட இடிபாடுகளெல்லாம் அங்கேதான் போயின. இன்று ஒன்ராறியோ ஏரிக்குள் சுமார் 5 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. உடைந்த செங்கல், துருப்பிடித்த கம்பி. அவற்றின்மேல் மரங்கள், சதுப்புக் குளங்கள். வார நாட்களில் பகலில் லொறிகள் ஓடும். தம்பி தங்கையரே, சனி ஞாயிறில் போங்கள்.

நீர்க்காகங்களின் எச்சத்தால் பட்டுப்போன மரங்களைக் கடந்தோம். (நாற்றம் சொல்லி மாளாது.) ஒரு தாழ்ந்த கிளையில் சாம்பல் நிறப் பறவை, கறுத்த உச்சி, சிவந்த கண். நாங்கள் பறவைப் புத்தகத்தைப் புரட்டினோம்.

"இதுக்கு ஏன் புத்தகம்? இராக்கொக்கு. கொப்பர் விடியக் களப்பில வலை இழுத்துக்கொண்டு வரேக்க, இதுவும் வேலை முடிஞ்சு போகும். உங்களைப்போல நைட் டியூட்டி."

ஐந்து மாதமாக அப்பாவின் பேச்சையே அவர் எடுத்ததில்லை. வீடு வரும்வரை கதைத்துக்கொண்டே வந்தார். எங்களுக்குக் கண் சொருகியது, ஆனாலும் குறுக்கிடவில்லை.