சிம்பு கட்டிய கை

6 ஆட்டங்கள்; 34 விக்கெட்டுகள். விக்கெட் ஒன்றுக்கு ஏறத்தாழ 21 ஓட்டங்களே கொடுத்த ஒரு வேகப்பந்து வீச்சாளரின் முதல்தர ஆட்ட வாழ்வு அவ்வளவோடு முடிந்தது. முதுமையா காரணம்? திறமைக் குறைவா? இரண்டும் அல்ல.

ஜாக் மார்ஷ் ஆஸ்திரேலியத் தொல்குடி மகன். நியூ சவுத் வேல்ஸில் கிளாரன்ஸ் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த பண்ட்ஜலாங் இனத்தவர். ஓட்டப் பந்தயத்தில் பெயர் பெற்றவர். 1900-இல் சிட்னியில் நடந்த தேர்வு ஆட்டத்தில், கரன் என்னும் நடுவர் அவர் பந்தை ‘நோ பால்’ என்றார். முழங்கையை மடக்கி, பந்தை வீசாமல் எறிகிறார் என்பது குற்றச்சாட்டு.

மார்ஷ் மன்றாடவில்லை, மெய்ப்பிக்க முனைந்தார். முழங்கை மடங்கவே இயலாதபடி சிம்பு வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் களம் புகுந்தார். அக்கையாலேயே பந்து வீசினார். இதனினும் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

ஆயினும் 1901-இல் விக்டோரியாவுடன் நடந்த ஆட்டத்தில், நடுவர் கிராக்கெட் 17 முறைக்குக் குறையாமல் ‘நோ பால்’ கூவினார். அங்கு ஆட வந்த இங்கிலாந்து அணியின் தலைவர் மக்லாரன், மார்ஷை எதிர்த்து ஆடவே மறுத்தார். வெள்ளையரல்லாதார் குடியேறாவண்ணம் 1901-இல் சட்டம் இயற்றிய நாடல்லவா அது! ஆஸ்திரேலிய அணியில் மார்ஷுக்கு இடம் கிட்டவேயில்லை.

மாணவர் ஆட்டங்களில் நடுவராய் நிற்கும் வழக்கம் நமக்குண்டு. விரைந்து சுழலும் கை மடங்கியதா, நிமிர்ந்ததா என்று கண் மயங்குவது இயல்பே. ஆகவே, நடுவர் ஐயுற்றதை நாம் குற்றமென்னோம். சிம்பு கட்டிய கையைக் கண்ட பின்னும் அந்த ஐயத்தையே தீர்ப்பாக்கினரே, அதைத்தான் குற்றமென்கிறோம். பெரிய ஆட்டங்களிலிருந்து மார்ஷ் விலக்கப்பட்டதற்கு அவர் நிறமே காரணம் என்று, ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் வாரன் பார்ட்ஸ்லியே பின்னாளில் ஒப்பினார்.

1916-இல் ஆரஞ்சு என்னும் ஊரில் மார்ஷ் தாக்கப்பட்டு மாண்டார். வழக்கில் நின்ற இருவரும் விடுதலையாயினர். ஆடுகளத்தில் கிட்டாத நீதி, வழக்குமன்றத்திலும் அவருக்குக் கிட்டவில்லை.

தோழர்களே! விதி எல்லார்க்கும் ஒன்றென்று ஏட்டில் எழுதினால் போதுமா? அதைக் கையாள்வோர் நெஞ்சில் பிறப்பும் நிறமும் குடியிருந்தால், ஏட்டிலுள்ள விதி என்ன செய்யும்? சான்று கண்டதும் பழைய எண்ணத்தைக் கைவிடுவதே பகுத்தறிவு. தீர்ப்புக் கூறும் இடத்தில் நாம் அமரும் நாளிலும் அதை மறவாதிருப்போம்.