சாமி எந்தத் தெரு சார்?

'வடசென்னைக்குப் போகிறேன்' என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போய்யா" என்று அட்வைஸ் வரும். சினிமாக்காரர்கள் வேறு, கையில் கத்தி இல்லாமல் அந்தப் பக்கம் யாரும் டீ குடிக்கக்கூடப் போவதில்லை என்கிற ரேஞ்சுக்குக் காட்டி வைத்திருக்கிறார்கள்.

ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் முகத்துவாரம் வரை ஒரு நடை போய் வாருங்கள். லாரி, கிரேன், புகை எல்லாம் உண்டுதான். ஆனால் இத்தனைக்கும் நடுவில் சாமிக்கும் அடியாருக்கும் இங்கே பஞ்சமே இல்லை. அதிலும் பலர் ஏதோ ஒரு தொழில் பார்த்தவர்கள்!

முதலில் ராயபுரம். ராயப்பர் என்றால் புனித பேதுரு. ஊருக்குப் பெயரே அவரால் வந்தது என்பார்கள். பேதுரு யார்? கலிலேயா ஏரியில் வலை வீசிய மீனவர். இயேசு அவரைத் தேடிப் போனது எந்த நேரத்தில் தெரியுமா? ராத்திரி முழுக்கப் பாடுபட்டும் ஒரு மீன்கூடச் சிக்காமல், வெறும் வலையை அலசிக்கொண்டிருந்தபோது. அதாவது, சுத்த நஷ்டக் கணக்கு எழுதுகிற நேரத்தில்! துறைமுகம் வருவதற்கு முன்பு, கப்பல் சரக்கை மசூலாப் படகில் கரை சேர்த்த படகோட்டிகள் அவருக்கு ராயபுரத்தில் கோயில் எழுப்பியதில் ஆச்சரியமே இல்லை. நம்ம ஆளு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கத்திலேயே காசிமேடு. விடியுமுன் அங்கே போனால் ஐஸ் உடைக்கும் சத்தம், ஏலம் விடும் சத்தம், நடுநடுவே காது கூசும் நாலு வார்த்தை. "முதல் போணி சார், பேரம் பேசாத!" என்று அதட்டிவிட்டு ஓர் அம்மா சங்கராவைக் கூறு கட்டித் தருவார். நீங்கள் கொடுத்த ஈரநோட்டை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வார். ஒரு விநாடிதான். மணி கிடையாது, கற்பூரம் கிடையாது. பி.காம். படித்த எனக்கு அது வரவு. அவருக்கோ அது பூஜை.

அங்கிருந்து திருவொற்றியூர். 2021-லிருந்து மெட்ரோ ரயிலே வருவதால் ஏ.ஸி.யில் உட்கார்ந்து பாடல்பெற்ற தலத்துக்குப் போகலாம். ஆதிபுரீஸ்வரர் இங்கே புற்று வடிவில் இருக்கிறார். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள்தான். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் இல்லாத தரிசனம்.

இந்தக் கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுத்தவர் சங்கிலியார். அவரை மணக்க ஆசைப்பட்ட சுந்தரர், 'உன்னைப் பிரியேன்' என்று சந்நிதியில் சத்தியம் செய்யவேண்டும். செய்யும்போது சாமி அங்கே இருந்தால் வம்பு ஆச்சே! 'கொஞ்ச நேரம் மகிழமரத்துக்குப் போயிரும்' என்று சிவனிடமே சிபாரிசு. சரி என்று தலையாட்டிய சிவன், சங்கிலியார் கனவில் போய், 'மரத்தடியில் சத்தியம் கேள்' என்று போட்டுக் கொடுத்துவிட்டார். ஆக, சாமி கருவறையிலேயே இருப்பார் என்பதற்கு இந்த ஊரில் கேரண்டி கிடையாது!

கலியநாயனாரின் கதை கொஞ்சம் கனமானது. இதே ஊரில் செக்கு வைத்து எண்ணெய் விற்றவர். கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் வார்ப்பது அவருடைய தொண்டு. சொத்து கரைந்தது. உறவினர்களிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கூலியில் விளக்கு ஏற்றினார். அதுவும் நின்றது. அடுத்தவர் செக்கில் கூலியாளாக உழைத்தார். பிறகு வீட்டை விற்றார். மனைவியையே விற்கத் துணிந்தார் என்று பெரியபுராணம் சொல்லும்போது நமக்குக் கோபம்தான் வருகிறது. கடைசியில் எண்ணெய்க்குப் பதில் தன் ரத்தத்தை வார்க்கக் கழுத்தை அரியப் போனபோது, சிவன் வந்து கையைப் பிடித்தார்.

எனக்கு இதில் பிடித்தது கழுத்து அல்ல, செக்கு. எத்தனையோ நாள் அந்த மனிதர் சுற்றிச் சுற்றி நடந்தாரே, அந்த நடைக்குப் பெயர் என்ன? பிரதட்சிணம் இல்லையா?

கடலோரம் பட்டினத்தார் சமாதி. காவிரிப்பூம்பட்டினத்துப் பெரிய வியாபாரி. காது இல்லாத ஓர் ஊசி வந்து அவர் கணக்குப் புத்தகத்தையே மூட வைத்தது என்பது கதை. கசக்கும் கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தாராம். அது இனித்த இடம் திருவொற்றியூராம். ஊசியும் கரும்பும் நம் வீட்டிலும் புழங்குகிற பொருள்தானே?

வடக்கே போனால் விம்கோ நகர். தீப்பெட்டிக் கம்பெனியால் வந்த பெயர். எண்ணெய் விளக்குக்காக ஒருத்தர் உயிரையே கொடுக்கப் போன ஊரில் தீக்குச்சித் தொழிற்சாலையும் அமைந்தது பொருத்தம்தான்!

அதையும் தாண்டினால் எண்ணூர். இங்கே எண்ணெய் வேறு ரூபத்தில் வந்தது. 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. கருப்பு எண்ணெய் கரையெல்லாம் ஒதுங்கியது. இயந்திரங்கள் திணறின. எர்ணாவூர்ப் பக்கம் மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல்படையினரும் வரிசையாக நின்று, வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். பாறைகளில் அப்பியிருந்த தாரைச் சுரண்டினார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்துக்குள் புகுந்தது. படகும் வலையும் கறுத்தன. மறுபடியும் அதே மீனவர்கள், அதே கைகள்.

கலியர் கோயிலுக்கு எண்ணெய் வார்த்தார். இவர்கள் கடலிலிருந்து எண்ணெயை எடுத்தார்கள். இரண்டும் தொண்டுதான் என்று எழுதிவிட்டு நான் நிறுத்திக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கலியர் தானாக விரும்பிச் செய்தார். இவர்களோ யாரோ கொட்டியதை அள்ளினார்கள். அதையும் 'தியாகம், சேவை' என்று மாலை போட்டு அனுப்பிவிட்டால், கொட்டியவருக்கு வசதியாகப் போய்விடும்!

அன்றாட வேலையில் கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறவருக்கு ஒரு பொறுப்பும் கூடவே வருகிறது. வேலை நடக்கிற இடமும் சந்நிதிதான். காசிமேட்டு அம்மா கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அந்த ஈரநோட்டு, கடலிலிருந்துதான் வருகிறது. ஆற்றில் இறாலும் கடலில் சங்கராவும் இல்லாவிட்டால் முதல் போணி ஏது?

அடுத்த முறை திருவொற்றியூருக்குப் போகிறவர்கள் வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். எண்ணூர் முகத்துவாரம் வரை போய், வலை உதறுகிறவரிடம் "இன்னிக்கு மீன் பட்டுச்சா அண்ணே?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை, அர்ச்சனைச் சீட்டைப் போலப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.