நகக்கண்

மகன் வீட்டில் சில திங்கள் தங்குவதற்காகக் கலிபோர்னியா சென்றிருந்தபோது, மருமகள் நகப் பராமரிப்புத் தொழில் பயில்கிறாள் என்றறிந்து முகம் சுளித்தேன். பிறர் பாதங்களைத் தொட்டு நகம் வெட்டுவதற்கு நம் வீட்டுப் பெண்ணா? மருதாணி அரைத்து ஊர்ப் பெண்களுக்கெல்லாம் இட்ட என் உம்மா எந்த அரசிடம் உரிமம் பெற்றார்கள் என்று கேலியும் செய்தேன்.

"400 மணி நேரம் பயின்றால்தான் தேர்வெழுதவே விடுவார்கள், மாமா" என்றாள் அமைதியாக.

17 வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கல்வியும் வேண்டும். முன்பிருந்த செய்முறைத் தேர்வை 2022-இல் நீக்கிவிட்டார்கள். எழுத்துத் தேர்வு நிற்கிறது.

உறக்கம் வராத ஓர் இரவில் அவளது பாடநூலைப் புரட்டினேன். அழகை எதிர்பார்த்தேன், நோய்களே எதிர்ப்பட்டன. கருவியை முதலில் சோப்பு நீரில் கழுவ வேண்டும். பின்னரே கிருமிநாசினியில் முழுவதும் அமிழ்த்தி, புட்டியில் குறித்துள்ள நேரம்வரை வைக்க வேண்டும். அழுக்கு இருந்தால் மருந்து கிருமியைச் சென்றடையாது. மரக்குச்சி போன்றவற்றை ஒருவருக்குப் பயன்படுத்தியவுடன் எறிந்துவிட வேண்டும்.

இத்தனை கெடுபிடி ஏன் என்று மேலும் தேடிப் படித்தேன். 2000-ஆம் ஆண்டில் அம்மாநிலத்து வாட்சன்வில் நகரில், ஒரே நிலையத்துக்குச் சென்றுவந்த நூற்றுக்கும் மேற்பட்டோரின் கால்களில் எளிதில் ஆறாத கட்டிகள் எழும்பினவாம். கால் ஊறவைக்கும் தொட்டியில், நீரை உறிஞ்சும் சல்லடைக்குப் பின்னே முடியும் தோல்துகளும் திரண்டிருந்தன. அங்கே மைக்கோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர் செழித்திருந்தது. கால்முடியை மழித்துவிட்டு வந்தவர்களையே அது அதிகம் தாக்கியது. வெளியே தொட்டி பளபளவென்றுதான் இருந்திருக்கும்!

மறுநாள் முதல் இஷாவுக்குப் பின் நானே வினாக் கேட்கலானேன். அவளுடன் பயின்ற வியட்நாமியப் பெண்கள் தாய்மொழியிலேயே தேர்வெழுதலாம். 1975-இல் சாக்ரமெண்டோ அருகிலிருந்த அகதி முகாமில், நடிகை டிப்பி ஹெட்ரனின் முயற்சியால் இருபது பெண்கள் இத்தொழிலைக் கற்றார்கள். அன்று ஊன்றிய வேர் அது. தமிழில் தேர்வு இல்லை. உயிருள்ள தோலுக்கொரு பெயர், உதிரும் தோலுக்கொரு பெயர் என்று ஆங்கிலம் பிரிக்க, நாங்களோ எல்லாவற்றையும் 'நகக்கண்' என்றே சொல்லிக் குழம்பினோம்.

முதல் முறை தவறினாள். அன்றிரவு யாரும் எதுவும் பேசவில்லை. இஷா முடிந்ததும் நூலைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தாள்.

உரிமம் கைக்கு வந்த வாரம், குனிந்து வெட்ட முடியாமல் தடித்திருந்த என் கால்நகங்களைப் பார்த்து நறுக்கியை எடுத்தாள். "கழுவினாயா?" என்று கேட்டுவிட்டுத்தான் காலை நீட்டினேன்.