கரிசல் மண்ணைக் கரைக்கும் மழை!

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போனால், சாலையின் இருபுறமும் கரிசல் காடுதான். உளுந்து, பாசி, கம்பு, பருத்தி எல்லாமே மானாவாரி. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் விதைப்பு.

கோடையில் நிலம் வெடிப்பது கரிசலின் இயல்பு. சிக்கல் மழையில் இருக்கிறது. பரவலாகப் பெய்ய வேண்டியது சில நாள்களில் கொட்டித் தீர்க்கிறது. 2023 டிசம்பரில் இதே தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை! இப்படிக் கொட்டும் மழை, சத்துள்ள மேல்மண்ணை ஓடைக்கு இழுத்துப்போகிறது. கூடிவரும் வெப்பம், மண்ணில் மிஞ்சிய மட்கையும் வேகமாகக் குறைக்கிறது. ஓர் அங்குல மேல்மண் மீண்டும் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும்.

கைவைத்தியம் ஊரிலேயே இருக்கிறது. கோடை உழவு, சரிவுக்குக் குறுக்கே வரப்பு, ஆட்டுக்கிடை. கூடவே, கண்மாயில் படிந்த வண்டலை அள்ளிவந்து புஞ்சையில் அடிப்பது. மழை கொண்டுபோன மண்ணில் கொஞ்சமாவது வீடு திரும்பும்!