வாசலில் கழட்டாத நட்டு

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியதைப் பார்த்ததும், கவிதை எழுத நம் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்களே, நாம் என்ன எழுதுவது என்று யோசித்தேன். கடைசியில், எனக்குத் தெரிந்த ஸ்பேனரைப் பற்றியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். மோட்டார் சைக்கிளில் தூரமாய்ப் போகிறவர்கள் வண்டியில் என்னென்ன கருவி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விஷயம். கூடவே உங்களிடம் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டியும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பதினெட்டு வயது முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே, நானும் என் லேத் பார்ட்னரும் கொல்லிமலைக்குப் போவது என்று முடிவு செய்தோம். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். லடாக் போகிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எங்களுக்கு அதுதான் இமயமலை!

வண்டி, அப்பா செகண்ட்ஹேண்டில் வாங்கிய 100 சிசி. கார்புரேட்டர், கிக்கர், ஸ்போக் வீல், டியூப் வைத்த டயர். சீட்டுக்கு அடியில் இருந்த டூல் பையைத் திறந்தால் ஒரே ஒரு பிளக் ஸ்பேனர் மட்டும் துருப்பிடித்துக் கிடந்தது. 'மெக்கானிக்கல் மாணவனுக்கு இது இழுக்கல்லவா?' என்று ஹார்டுவேர் கடைக்குப் போனேன். இரண்டு பக்கமும் வாயுள்ள ஸ்பேனர் எட்டு வைத்த செட் ஒன்று. 6-7இல் தொடங்கி 20-22 வரை. பளபளவென்று மின்னியது. கூடவே கட்டிங் பிளேயர், திருப்புளி, இரண்டு டயர் லிவர், கைப்பம்பு, பஞ்சர் பேட்ச். ரப்பர் சொல்யூஷன் வீட்டில் சைக்கிளுக்கு வாங்கியது மிச்சம் இருந்தது. அதையும் போட்டுக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் அப்பா வீட்டில் இருந்தார். செட்டை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"எல்லாத்தையும் வண்டியில போட்டுப் பார்த்தியா சாமி?"

"புதுசுப்பா. சைஸ் எல்லாம் மேலயே போட்டிருக்கு."

அப்பா மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தன் மூட்டையை எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். பழைய தார்பாய்த் துண்டில் சுருட்டி, டியூப் ரப்பரால் கட்டியது. கிரீஸ் ஏறிக் கறுத்துப்போன மூட்டை. "வேணும்னா எடுத்துட்டுப் போ" என்றார். நான் எடுக்கவில்லை. பசங்க பார்த்தால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அன்று ராத்திரி அப்பா வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். ஆகாய கங்கையில் குளித்தோம். அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட்டோம். அன்னாசி தின்றோம். இதையெல்லாம் எழுதினால் பயணக் கட்டுரை ஆகிவிடும். சாயங்காலம் கீழே இறங்கும்போது, பாதி வளைவுகூடத் தாண்டவில்லை, பின் சக்கரம் நெளிய ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் டயர் தரையோடு தரையாக இருக்கிறது.

நான் கவலைப்படவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. பளபள செட்டை வெளியே எடுக்க ஒரு சந்தர்ப்பம் வந்துவிட்டதே! சென்டர் ஸ்டாண்டு போட்டு, 18-19 ஸ்பேனரை ஆக்சில் நட்டில் மாட்டி அழுத்தினேன். அசையவில்லை. நண்பன் அழுத்தினான். அசையவில்லை. இருவரும் சேர்ந்து அழுத்தியதில் ஸ்பேனர் வழுக்கி என் முட்டி செயின் கவரில் இடித்து ரத்தம் வந்தது. நட்டின் முனைதான் கொஞ்சம் மழுங்கியது.

முதல் ஆண்டில் நாம் படித்ததுதான்: திருப்புத்திறன் என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. ஒரு சாண் நீள ஸ்பேனரை இரண்டு சாண் ஆக்கினால் அதே கைக்கு இரண்டு மடங்கு பலம். இந்தக் கணக்கில் நான் பத்துக்குப் பத்து வாங்கியவன். ஆனால் இருட்டுகிற நேரத்தில், மலை வளைவில், கையில் நீளமாக ஒரு பைப் இல்லாவிட்டால் அந்தப் பத்து மதிப்பெண்ணை வைத்து என்ன செய்வது? போனில் டவரும் இல்லை.

வாழைத்தார் ஏற்றிய பிக்கப் வேன் ஒன்று வந்து நின்றது. டிரைவருக்கு எங்க அப்பா வயதிருக்கும். ஒன்றும் கேட்காமல் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு முழ நீள இரும்புப் பைப்பை எடுத்து என் ஸ்பேனரின் வாலில் செருகினார். ஒரே அழுத்து. 'டக்'கென்று நட்டு விட்டுக்கொடுத்தது.

"என்ன படிக்கிறே தம்பி?"

"டிப்ளமா மெக்கானிக்கலுங்ணா."

"அப்பா என்ன பண்றாரு?"

"டிரான்ஸ்போர்ட்ல இருக்காருங்க."

"அப்ப நம்ம லைன்தான்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டியூபை உருவி, ஓட்டையைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷனை அமுக்கினால் ஒன்றும் வரவில்லை. ஒருமுறை திறந்த சொல்யூஷன் டியூப், மூடி வைத்தாலும் நாளாவட்டத்தில் காய்ந்து போகும். என்னுடையது உள்ளே கல்லாகி இருந்தது. கடைசியில் நண்பனும் சக்கரமும் வாழைத்தார்களோடு வேனில் ஏறிக் கீழே போனார்கள். அவன் காளப்பநாயக்கன்பட்டியில் பஞ்சர் கடைக்காரரை வீட்டிலிருந்து எழுப்பி ஒட்டிக்கொண்டு, மேலே வந்த யாரோ ஒருவர் பைக்கில் சக்கரத்தை மடியில் வைத்தபடி திரும்பி வரும்போது மணி பத்தரை. அதுவரை பின் சக்கரம் இல்லாத வண்டியும் நானும் மட்டும்தான். 'டிரான்ஸ்போர்ட்ல இருக்காரு' என்ற என் பதில்தான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்று நாள் கழித்து அப்பா வந்தார். அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சோறு தின்று கைகழுவிவிட்டு, "அந்த செட்டை எடுத்துட்டு வாசலுக்கு வா" என்றார்.

அன்று வாசலில் நடந்ததுதான் நான் சேர்ந்த இரண்டாவது பாலிடெக்னிக். அப்பா வைத்தது ஒரே ஒரு பரீட்சை. ஒவ்வொரு கருவியையும் கையில் எடுத்து, அது வண்டியில் எந்த நட்டுக்கு என்று காட்ட வேண்டும். காட்டினால் மட்டும் போதாது, கழட்டி மாட்டவும் வேண்டும். எதற்கும் ஆகாததைத் தனியே வைத்துவிட வேண்டும். "வாசல்ல கழட்டாத நட்டை ரோட்டுல கழட்ட முடியாது சாமி" என்றார்.

எட்டு ஸ்பேனரில் நான்கு அப்போதே கழிந்தது. எம்6 போல்ட்டுக்கு 6 என்று நினைத்துத்தான் அந்த 6-7ஐப் பெருமையாகச் சுமந்திருந்தேன். எம்6 என்பதில் 6 மரையின் விட்டம். அதன் தலைக்கு வேண்டியது 10. எம்8 போல்ட்டுக்கு நம் பாட அட்டவணையில் 13 என்று இருக்கும். ஆனால் ஜப்பானிய வடிவமைப்பில் வந்த நம்மூர் வண்டிகளில் பெரும்பாலும் 12. படிப்பறிவில்லாத அப்பாவுக்கு எம்6, எம்8 என்ற பெயரெல்லாம் தெரியாது. விரலால் நட்டைத் தொட்டே "பத்து", "பன்னெண்டு" என்று சொல்கிறார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

பிறகு அவருடைய மூட்டையை அவிழ்த்தார். அதில் ஒரு ஸ்பேனரைத் துடைத்து என்னிடம் நீட்டினார். "இதுல இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கே, என்ன அது? இருவது வருஷமா வச்சிருக்கேன். யாருகிட்டயும் கேட்டதில்ல."

வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தேன். "குரோம் வனேடியம்ப்பா."

"அப்படின்னா?"

இரும்போடு கரியும் கொஞ்சம் குரோமியமும் மிகக் கொஞ்சம் வனேடியமும் சேர்த்த எஃகு. குரோமியத்தால் நன்றாகக் கடினமாகும். வனேடியத்தால் உள்ளே மணிகள் பொடியாக அமையும், அதனால் அழுத்தத்தில் சட்டென்று உடையாது. புத்தகத்தில் மனப்பாடம் செய்ததை முதன்முதலாக ஒருவருக்குப் புரியும்படி சொன்னேன். அப்பா அந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதான் இதுக்கு மட்டும் வாய் விரியவே இல்ல" என்றார்.

அவருக்குப் பலன் தெரிந்திருந்தது. எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. இவ்வளவு நாள் ஒரே வீட்டில் இருந்தும் இரண்டும் பேசிக்கொள்ளவில்லை.

நிற்க. உங்களுக்குப் பயன்படட்டும் என்று, அன்று முடிவான பட்டியலைச் சொல்கிறேன்.

பிளக் ஸ்பேனர் ஒன்று. பிளக்கின் மரை 10 மி.மீ. என்றால் 16 அளவு, மரை 14 மி.மீ. என்றால் 21 அளவு. கூடவே புது பிளக் ஒன்று. ஸ்பேனரில் 10, 12, 14, பிறகு முன், பின் ஆக்சில் நட்டுகளின் அளவு. உங்கள் வண்டிக்கு எது என்று நீங்களே கழட்டிப் பாருங்கள், என் பேச்சை நம்ப வேண்டாம். ஸ்பேனரின் வாலில் செருக ஒரு அடி நீளப் பைப். இந்தப் பைப் கழட்டத்தான், இறுக்குவதற்கு அல்ல. பலம் அதிகமானால் மரை போய்விடும்.

பஞ்சருக்கு டயர் லிவர் இரண்டு, பம்பு, உப்புத்தாள், பேட்ச், திறக்காத புது சொல்யூஷன். இவற்றையெல்லாம்விட முக்கியம் ஒரு மாற்று டியூப். ரோட்டில் டியூபை மாற்று, வீட்டுக்கு வந்து பேட்ச் ஒட்டு என்பது அப்பாவின் விதி. புது டியூப் போடுமுன் டயரின் உள்பக்கம் முழுக்க மெதுவாக விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஆணியோ முள்ளோ அங்கேயே இருந்தால் புது டியூபும் போகும். டியூபில் கொஞ்சம் காற்று அடித்து உள்ளே வைத்தால் லிவரில் மாட்டிக் கிழியாது.

கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் இரண்டிலும் மாற்று ஒவ்வொன்று. இதைப் பையில் வைக்காமல் பழைய கேபிளோடு ஒட்டி இப்போதே டேப் சுற்றி ஓட்டிவிடலாம். அறுந்தால் முனையை மட்டும் மாற்றினால் போதும். செயின் லாக் ஒன்று. அதன் கிளிப்பில் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் கழன்று விழும். அப்புறம் ஃபியூஸ், கொஞ்சம் ஒயர், இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி, கட்டிங் பிளேயர், திருப்புளி, டார்ச் லைட், கை துடைக்கப் பனியன் வேஸ்ட். கடைசியாக ஒரு சாக்கு. கழட்டிய நட்டைப் புல்லில் வைத்தால் அதைத் தேடவே விடிந்துவிடும்.

டியூப்லெஸ் டயர் வைத்திருப்பவர்களுக்குச் சக்கரத்தைக் கழட்டும் வேலை பெரும்பாலும் இல்லை. ரப்பர்க் கயிறு செருகும் ஊசியும் பம்பும் போதும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளுக்குக் கார்புரேட்டரும் இல்லை. அதில் கோளாறு வந்தால் ரோட்டோரத்தில் நாம் செய்யக்கூடியது குறைவு. ஆனாலும் கேபிளும் செயினும் ஃபியூஸும் இன்னும் பழையபடிதான் இருக்கின்றன.

இவ்வளவையும் அப்பா தந்த தார்பாய்த் துண்டில் சுருட்டி, டியூப் ரப்பரால் கட்டிவிட்டேன். போன கோடை விடுமுறையில் ராமேஸ்வரம், தனுஷ்கோடி வரை அது எங்களோடு வந்தது. எங்கள் வண்டிக்கு ஒருமுறைகூட அவிழ்க்க நேரவில்லை. பரமக்குடி தாண்டி, வெயிலில் மனைவியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெரியவருக்காகத்தான் அவிழ்த்தோம். செயின் லாக் விழுந்திருந்தது. அவர் வண்டியிலும் எங்களுடையதைப் போலவே 428 அளவு செயின். மாட்டிக் கொடுத்தோம். பத்து நிமிஷ வேலை.

"தம்பிங்க மெக்கானிக்கா?" என்றார்.

"படிக்கிறோங்க."

"காலேஜ்லயே இதெல்லாம் சொல்லித் தர்றாங்களா?"

"காரணம் அங்க சொல்லித் தர்றாங்க. கைவேலை எங்கப்பா சொல்லித் தந்ததுங்க. அவர் லாரி டிரைவர்" என்றேன்.

நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கே அது புதுச் செய்தி. நண்பர்களே, உங்களில் பலருக்கும் இது புதுச் செய்திதான். முதலாம் ஆண்டு அறிமுகத்தின்போது 'டிரான்ஸ்போர்ட்' என்று சொன்னவன், இரண்டு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் அப்பா நாமக்கல் லாரியில் டிரைவர். அந்தத் தார்பாய் மூட்டை இப்போது என் வண்டியில்தான் இருக்கிறது. ஹாஸ்டல் ஸ்டாண்டில் யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். திருப்பி வைக்கும்போது துடைத்து வைக்கவும். 10-11 மட்டும் பத்திரம். அதுதான் அந்தக் குரோம் வனேடியம்.